காற்றுக் குழாயில் தண்ணீர்

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தின் தொழில்நுட்ப அமர்வில் ஆற்றிய உரை. பேசியபடியே பெரும்பாலும் எழுத்தில் தரப்பட்டுள்ளது.)



செயலாளர் அண்ணன் போன் பண்ணி, "தம்பி, இருபது நிமிஷம் பேசணும், என்ன தலைப்பு போடட்டும்?" என்று கேட்டார். "காற்றுக் குழாயில் தண்ணீர்" என்றேன். கொஞ்ச நேரம் மௌனம். "வேற ஏதாவது புதுசா...?" என்று இழுத்தார். எனக்கு முன்னால் பேசியவர் ரோபோ பற்றிப் பேசினார், எனக்குப் பின்னால் பேசப் போகிறவர் மின்சாரக் கார் பற்றிப் பேசப் போகிறார். நடுவில் நான் தண்ணீர். என்ன செய்வது, 2010-ல் இந்தக் கல்லூரியை விட்டு வெளியே போனதிலிருந்து நான் பராமரிப்புப் பிரிவு ஆள். எனக்குத் தெரிந்தது இதுதான். அந்த ரோபோவின் கையிலும் காற்றால் பிடிக்கிற கிரிப்பர் ஒன்று பெரும்பாலும் இருக்கும் என்பதால், ஒரு வகையில் என் விஷயமும் அதில் வந்துவிடுகிறது.

நம்ம மெக்கானிகல் பிளாக்கின் பின்பக்கம் நியூமேடிக்ஸ் லேப் இருந்தது ஞாபகம் இருக்கா? வாசலில் ஒரு சின்ன கம்ப்ரசர். தினமும் காலையில் லேப் அட்டெண்டர் வந்து டேங்குக்கு அடியில் இருக்கும் காக்கைத் திறப்பார். புஸ்ஸென்று சத்தத்தோடு காப்பி நிறத்தில் தண்ணீர் பீச்சி அடிக்கும். நாங்க ஷூவைக் காப்பாற்றிக்கொள்ளக் குதிப்போம், சிரிப்போம். ஏன் அதைத் திறக்கிறார் என்று ஒருத்தனும் கேட்கவில்லை. நானும்தான். பரீட்சையில் 5/2 வால்வின் குறியீட்டை அழகாகப் படம் போட்டு மார்க் வாங்கினேன். அந்தக் காக்கை மட்டும் நான் பாடமாக எடுத்துக்கொள்ளவில்லை.

முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன், சுருக்கமாக. 30 டிகிரி வெப்பத்தில் ஒரு கன மீட்டர் இடத்தில் அதிகபட்சம் 30 கிராம் நீராவிதான் தங்க முடியும். சென்னை மாதிரி ஊரில் ஈரப்பதம் 80 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், காற்றில் ஏற்கெனவே 24 கிராம் இருக்கிறது. கம்ப்ரசர் என்ன செய்கிறது? கேஜில் 7 பார் காட்ட வேண்டும் என்றால் எட்டு கன மீட்டர் காற்றை ஒரு கன மீட்டருக்குள் திணிக்கிறது. காற்றைத் திணிக்கலாம். கூடவே வந்த 192 கிராம் நீராவியும் உள்ளே வந்துவிடுகிறதே! அந்த ஒரு கன மீட்டர் மறுபடி 30 டிகிரிக்குக் குளிர்ந்ததும், 30 கிராமுக்கு மேல் அதில் இடம் கிடையாது. மிச்சம் 160 கிராமுக்கு மேல் தண்ணீராகக் கீழே விழுந்தே ஆகவேண்டும். நீராவிக்கு எவ்வளவு இடம் என்பதைத் தீர்மானிப்பது வெப்பநிலைதான். அழுத்தம் கூடினால் அதன் இடம் கூடாது. இது புரிந்தால் மற்றதெல்லாம் தானாகப் புரியும்.

நான் வேலை பார்த்த ஒரு தொழிற்சாலையில் 50 குதிரைத்திறன் கம்ப்ரசர், நிமிடத்துக்கு 200 கன அடி காற்று. நாள் முழுக்க முழு லோடில் ஓடினால் அது வெளிக்காற்றிலிருந்து உள்ளே இழுக்கும் தண்ணீர் ஏறக்குறைய 195 லிட்டர். வீட்டுக்கு வருகிற 20 லிட்டர் கேன் கணக்கில் சொன்னால் தினமும் பத்து கேன். கேட்ட மாத்திரத்தில் நம்ப மாட்டீர்கள், நானும் நம்பவில்லை. இதில் சுமார் 140 லிட்டர் கம்ப்ரசரை ஒட்டிய ஆஃப்டர்கூலரிலும் ரிசீவர் டேங்கிலும் இறங்கிவிடும், டிரெயின் ஒழுங்காக இருந்தால். மிச்சம் 50 லிட்டர் சொச்சம் ஆவியாகவே 40 டிகிரி சூட்டோடு லைனுக்குள் போகிறது. கண்ணுக்குத் தெரியாது. போகிற வழியில் குழாய் குளிரக் குளிர அதில் இருபது லிட்டருக்கு மேல் குழாய்க்குள்ளேயே தண்ணீராகிவிடும்.

இந்தக் கடைசி 50 லிட்டரைப் பிடிப்பதற்காகத்தான் டிரையர் என்று ஒன்று வைக்கிறோம். குளிரூட்டி வகை டிரையர் காற்றை 3 டிகிரி வரை குளிர வைத்து, விழுகிற தண்ணீரைப் பிரித்து வெளியே தள்ளி, காற்றை மறுபடி கொஞ்சம் சூடாக்கி அனுப்பும். அதற்குப் பிறகு குழாய் 3 டிகிரிக்குக் கீழே போனால் ஒழிய உள்ளே தண்ணீர் விழாது. நம்ம ஊரில் எந்தக் குழாயும் 3 டிகிரிக்குப் போகப் போவதில்லை. ஆக விஷயம் முடிந்தது, அப்படித்தானே?

முடியவில்லை. இனி சொல்லப் போவது நான் செய்த தப்பு. இதை மேடையில் சொல்ல வேண்டுமா என்று வீட்டில் கேட்டார்கள். இந்தக் கல்லூரி மேடையில் சொல்லாமல் வேறு எங்கே சொல்வது?

2015-ம் வருஷம். சென்னைக்கு மேற்கே மசாலாப் பொடி பாக்கெட் போடும் ஒரு தொழிற்சாலையில் நான் பராமரிப்பு இன்ஜினியர். பெயர் வேண்டாம். மின்கட்டணத்தைக் குறைக்க யோசனை சொல்லுங்கள் என்று நிர்வாகம் எல்லாரையும் கேட்டது. செப்டம்பர் கடைசியில் நடந்த மீட்டிங்கில் நான் எழுந்து, "டிரையர் ஒண்ணேகால் கிலோவாட் சொச்சம் இழுக்குது. ஒவ்வொரு மெஷினுக்கும் வாசலிலேயே பில்டர் இருக்கு, அது தண்ணியைப் பிரிச்சிடும். டிரையரை பைபாஸ் பண்ணினா ஒரு நாளைக்கு முப்பது யூனிட் மிச்சம்" என்றேன். அப்போதைய கட்டணத்தில் ஏறக்குறைய 200 ரூபாய். கைதட்டினார்கள். அக்டோபர் முதல் வாரம் பைபாஸ் வால்வை நானே திறந்தேன்.

நான் சொன்னதில் என்ன ஓட்டை என்று இங்கே இருக்கும் மூத்தவர்களுக்கு உடனே தெரிந்திருக்கும். பில்டர் தண்ணீரைத்தான் பிரிக்கும், நீராவியைப் பிரிக்காது. பில்டரைத் தாண்டும்போது ஆவியாக இருப்பது, வால்வுக்குள்ளும் சிலிண்டருக்குள்ளும் போய்த் தண்ணீராகும். வெளியேறும் காற்று சட்டென்று விரிந்து குளிர்கிற இடமே வால்வுதான். போதாக்குறைக்கு பில்டர் கிண்ணம் நிரம்பி உள்ளே இருக்கும் தடுப்பைத் தொட்டுவிட்டால், பிடித்து வைத்திருந்த தண்ணீரையும் காற்று அள்ளிக்கொண்டு போய்விடும்.

முதல் ஒரு மாதம் ஒன்றும் தெரியவில்லை. நவம்பரில் மழை பிடித்தது. அந்த வருஷ மழையைப் பற்றி நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மெஷின்கள் ஒவ்வொன்றாக மக்கர் செய்ய ஆரம்பித்தன. சிலிண்டர் அரை நொடி தாமதமாகப் போகும், திடீரென்று உதைத்துக்கொண்டு போகும். திங்கட்கிழமை காலையில் மட்டும் அதிகமாக இருக்கும். இதற்குக் காரணம் உண்டு. ஸ்பூலைச் சுற்றி இருக்கும் ரப்பர் ஓ-ரிங், ஒரு நாள் முழுக்க ஒரே இடத்தில் அழுந்தி நின்றால், நடுவில் இருக்கும் கிரீஸ் பிதுங்கி வெளியே போய் ரப்பர் உலோகத்தோடு ஒட்டிக்கொள்ளும். முதல் அசைவுக்கு மட்டும் அதிக பலம் வேண்டும். நல்ல வால்விலேயே இது கொஞ்சம் உண்டு. தண்ணீர் போய் கிரீஸைக் கழுவிவிட்ட வால்வில் கேட்கவே வேண்டாம்.

அப்புறம் காயில் எரிய ஆரம்பித்தது. பத்து நாளில் மூன்று சோலனாய்டு காயில். எலெக்ட்ரிகல் ஆட்களைக் கூப்பிட்டு வோல்டேஜ் பார்க்கச் சொன்னேன். வோல்டேஜ் சரியாக இருந்தது. புதுக் காயில் போட்டோம், அதுவும் எரிந்தது. இது நிறையப் பேர் ஏமாறும் இடம் என்பதால் நின்று சொல்கிறேன். அது 230 வோல்ட் ஏ.சி. காயில். உள்ளே இருக்கும் பிளஞ்சர் முழுக்க மேலே போய் உட்காரும் வரை, ஏ.சி. காயில் மிக அதிகமான கரண்டை இழுக்கும். உட்கார்ந்ததும் கரண்ட் தானாகக் குறையும். பிசின் பிடித்து பிளஞ்சர் பாதி வழியில் நின்றுவிட்டால் கரண்ட் குறையவே குறையாது, காயில் வெந்துவிடும். அதனால் ஏ.சி. காயில் அடிக்கடி எரிந்தால் கம்பியைத் தேடுவதற்கு முன்னால் வால்வைக் கழற்றிப் பாருங்கள். டி.சி. காயிலில் இந்தச் சங்கதி இல்லை. பிளஞ்சர் நின்றாலும் கரண்ட் அதேதான், எரியாது. ஆனால் வால்வு வேலை செய்யாமல் கமுக்கமாக இருக்கும், அது இன்னொரு தலைவலி.

நான் வால்வைக் கழற்றவில்லை. அதற்குப் பதிலாக இரண்டாவது தப்பைச் செய்தேன். "காய்ஞ்சு போய்தான் ஒட்டுது, எண்ணெய் விடுங்க" என்றேன். ஸ்டோரில் ஹைட்ராலிக் எண்ணெய் 68 இருந்தது. லூப்ரிகேட்டர்களில் அதை ஊற்றச் சொன்னேன். நாலு நாள் எல்லாம் பிரமாதமாக ஓடியது. எனக்குப் பெருமை வேறு. ஐந்தாம் நாளிலிருந்து முன்னைவிட மோசம். காற்று லைனுக்கு 32 என்கிற மெல்லிய ரகம்தான் சரி. 68 கனம், போய்ச் சேராமல் அங்கங்கே தேங்கும். அதைவிட முக்கியம், அந்த வால்வுகள் ஆயுளுக்கும் கிரீஸ் வைத்து வந்தவை. மேலே எண்ணெய் விட்டால் அந்த கிரீஸைக் கரைத்துக் கழுவிவிடும். ஒரு தடவை எண்ணெய் விட ஆரம்பித்தால் பிறகு நிறுத்தவே முடியாது. தண்ணீரும் எண்ணெயும் குழாய்த் துருவும் சேர்ந்து என்ன ஆகும்? பால் விட்ட டீ மாதிரி ஒரு குழம்பு. காய்ந்தால் பிசின்.

நவம்பர் மூன்றாவது வாரம், திங்கட்கிழமை காலை எட்டு மணி பத்து நிமிஷம். நாலாம் நம்பர் மெஷினில் சீல் அடிக்கும் ஜா மூடவில்லை. மெஷின் அலாரம் கொடுத்து நின்றது. ஹெல்பராக இருந்த பெண், இருபத்திரண்டு வயசு இருக்கும், ஸ்டாப் பட்டனை அழுத்தி, கார்டைத் திறந்து, ஜாவில் ஒட்டிக்கொண்டிருந்த பொடி பாக்கெட்டைக் கிழித்து எடுத்துக்கொண்டிருந்தார். செய்ய வேண்டிய முறைப்படிதான் செய்தார். கார்டைத் திறந்ததும் மின்சாரம் துண்டாகியிருந்தது. ஆனால் காற்று துண்டாகவில்லை. அது பைலட்டால் இயங்குகிற இரட்டை சோலனாய்டு வால்வு. மூடு என்ற கட்டளை வந்தபோது பைலட் காற்று ஸ்பூலின் முதுகில் போய் அழுத்தியது, ஸ்பூல் பிசினில் ஒட்டிக்கொண்டு நகரவில்லை. கரண்ட் போனதும் அந்தப் பைலட் காற்று வெளியேறியிருக்க வேண்டும். வெளியேறும் துவாரம் ஒரு மில்லிமீட்டர் அளவுதான், அதுவும் அடைத்துவிட்டது. ஆக, கரண்ட் இல்லாமலேயே அந்தக் காற்று ஸ்பூலைத் தள்ளிக்கொண்டே இருந்தது. சில நொடி கழித்து பிசின் விட்டது. ஜா மூடியது. 50 மில்லிமீட்டர் சிலிண்டர், 6 பார், கணக்குப் போட்டால் 120 கிலோ பலம். ஜாவின் சூடு 150 டிகிரி.

வலது கையில் இரண்டு விரல் நுனி.

நான் போய்ச் சேர்ந்தபோது அவரை வண்டியில் ஏற்றிக்கொண்டு போயிருந்தார்கள். மெஷின் வாசலில் இருந்த பில்டர் கிண்ணம் விளிம்பு வரை தண்ணீர். போட்டோ எடுத்தேன். லாக் புத்தகத்தில் ஆறு மணிக்கு "டிரெயின் செய்யப்பட்டது" என்று பிட்டர் டிக் போட்டிருந்தார். டிக் மட்டும் போட்டுவிட்டு வேலை செய்யவில்லை என்று அறிக்கையில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவர் என்னைவிடப் பதினெட்டு வயசு பெரியவர், நான் அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். "ஆறு மணிக்கு இறக்கினேன் சார். நான் இறக்காம டிக் போட்டதில்ல" என்றார், ஒரே ஒரு தடவை. அப்புறம் பேசவில்லை. மறுநாள் அவருக்கு மெமோ.

அவர் சொன்ன விதம் என்னை விடவில்லை. நாலு நாள் கழித்து இரவு ஷிப்டில் நாலாம் நம்பர் மெஷின் பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். பத்து மணி ஐந்து நிமிஷத்துக்கு நானே என் கையால் கிண்ணத்தைக் காலி செய்தேன். உள்ளே இருந்த மிதவை டிரெயின் பிசினில் ஒட்டி வேலை செய்யாமல் கிடந்தது. அதை அப்படியே விட்டு வேடிக்கை பார்த்தேன். பதினொன்றே முக்காலுக்கு மறுபடி விளிம்பு வரை தண்ணீர். ஒரு மணி நாற்பது நிமிஷம்! அன்றைக்கு ஆறு மணிக்கு அவர் காலி செய்திருந்தாலும் எட்டு மணிக்கு நிரம்பித்தான் இருந்திருக்கும். டார்ச் எடுத்துக் குழாயை அண்ணாந்து பார்த்தேன். மெயின் குழாயில் கடைசி மெஷின் அது. குழாய் அந்தப் பக்கம் சரிந்திருந்தது. மெஷினுக்கு இறங்கும் இணைப்பை மெயின் குழாயின் அடிவயிற்றிலிருந்து எடுத்திருந்தார்கள். லைனில் விழுந்த தண்ணீர் அத்தனையும் அந்த ஒரு மெஷினுக்கு வந்து சேர்ந்திருக்கிறது. அந்தத் தண்ணீரை லைனுக்குள் அனுப்பியவன் நான்.

விடியும்வரை அங்கேயே இருந்தேன். காலையில் அந்த அண்ணன் வந்தார். சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "எங்கப்பா நாமக்கல்ல லாரி ஓட்டினவர் சார். காலையில ஏர் டேங்க்ல தண்ணி இறக்காம வண்டியை எடுக்கவே மாட்டார். பிரேக் போயிடும்னு எனக்குப் பத்து வயசுல சொல்லிக் கொடுத்தார்" என்றார். டிரையரை நிறுத்தும்போது அவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

இரண்டாவது அறிக்கை எழுதினேன். பைபாஸ் என் யோசனை, எண்ணெய் என் உத்தரவு, பிட்டர் மேல் தவறில்லை என்று. "கேஸ் முடிஞ்சு போச்சே, இப்ப எதுக்குக் கிளறறீங்க?" என்றார் மேலே இருந்தவர். மூன்று முறை எழுதிய பிறகு மெமோவைத் திரும்பப் பெற்றார்கள். அந்த வருஷ இன்கிரிமென்ட் அவருக்குப் போனது போனதுதான். அந்தப் பெண் ஆறு வாரம் கழித்து வேலைக்கு வந்தார். ஆள்காட்டி விரல் இன்றைக்கும் முழுசாக மடங்காது. எடை பார்க்கும் மேஜைக்கு மாற்றினார்கள். 2018-ல் நான் அந்தக் கம்பெனியை விட்டு வரும்வரை தினமும் அந்த மேஜையைத் தாண்டித்தான் என் இடத்துக்குப் போவேன்.

சரி, பிறகு என்ன செய்தோம் என்று சொல்கிறேன். உங்களில் பலர் தொழிற்சாலை நடத்துகிறீர்கள், நேரடியாக உபயோகப்படும்.

முதலில் காற்றை வெளியேற்றும் டம்ப் வால்வு. கார்டைத் திறந்தால் மின்சாரம் போவதோடு, அந்த மெஷினுக்குள் அடைபட்ட காற்றும் முழுக்க வெளியே போய்விட வேண்டும். கூடவே கையால் மூடிப் பூட்டுப் போடக்கூடிய, மூடும்போதே மெஷின் பக்கக் காற்றை வெளியே விடுகிற வால்வு ஒன்று. வெறும் பால் வால்வு போதாது, அது மூடினாலும் உள்ளே இருக்கும் காற்று உள்ளேயே இருக்கும். தண்ணீரைப் பற்றிய மற்ற எதையும் செய்யாவிட்டாலும் இதை மட்டுமாவது நாளைக்கே செய்யுங்கள்.

டிரையர் மறுபடி ஓடியது என்பதைச் சொல்லவே வேண்டாம். ஆனால் டிரையர் ஓடுவது வேறு, காற்று உலர்வது வேறு. இரண்டு மாதம் கழித்து மறுபடி கிண்ணங்களில் தண்ணீர். டிரையரில் பச்சை விளக்கு எரிகிறது, கேஜ் பச்சைப் பகுதியில் நிற்கிறது, எல்லாம் ஒழுங்கு. அந்த அண்ணன் போய் டிரையரின் டிரெயின் குழாய்க்கு அடியில் கையை நீட்டிப் பார்த்தார். காய்ந்து கிடந்தது. "உள்ள குளிருது சார், பிரிச்ச தண்ணி வெளிய வரல" என்றார். டிரெயின் அடைத்திருந்தது. டிரையர் பிரித்த தண்ணீரை எல்லாம் காற்று மறுபடி அள்ளிக்கொண்டு லைனுக்குள் போய்க்கொண்டிருந்தது. அன்றிலிருந்து எங்கள் லாக் புத்தகத்தில் "டிரையர் ஓடுகிறதா" என்ற கட்டத்தை எடுத்துவிட்டு "டிரெயினில் தண்ணீர் வருகிறதா" என்று போட்டோம். இன்னொன்று, டிரையருக்குள் போகும் காற்று சூடாக இருந்தால் அதன் சக்தி குறையும். 35 டிகிரிக்குக் கணக்கிட்டு வாங்கிய டிரையருக்கு 45 டிகிரியில் காற்றை அனுப்பிவிட்டு அதைத் திட்டக் கூடாது. ஆஃப்டர்கூலர் மேல் படிந்த தூசியை ஊதிச் சுத்தம் செய்தாலே பாதிப் பிரச்சினை தீரும். மசாலாக் கம்பெனியில் அந்தத் தூசி எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள், தும்மித் தும்மிச் சுத்தம் செய்தோம்.

குழாய்க்கு வருவோம். மெயின் குழாய் காற்று போகும் திசையில் நூறு அடிக்கு ஓர் அடியாவது இறக்கமாகப் போக வேண்டும். கடைசியில் ஒரு டிரிப் லெக், அதற்கு ஒரு டிரெயின். மெஷினுக்கு எடுக்கும் இணைப்பு குழாயின் மேல்பக்கமிருந்து வாத்துக் கழுத்து மாதிரி வளைந்து இறங்க வேண்டும். வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில் சேறு வராமல் இருக்க அடியிலிருந்து கொஞ்சம் மேலே தள்ளி குழாய் எடுப்போமே, அதே புத்திதான். எங்கள் ஷெட்டில் பதினோரு இணைப்புகளையும் மாற்றினோம், இரண்டு ஞாயிற்றுக்கிழமை ஆனது. ஜி.ஐ. குழாயின் துருவை ஒன்றும் செய்ய முடியவில்லை, கடைசி நீட்டத்தை மட்டும் அலுமினியக் குழாயாக மாற்ற அனுமதி கிடைத்தது. மிச்சத்துக்கு நல்ல பில்டர் மூலகம்.

லூப்ரிகேட்டர்களைக் கழற்றினோம். ஒட்டிய வால்வுகளைக் கழுவிப் போடலாமா என்று பார்த்தோம், ஓ-ரிங் உப்பிப் போயிருந்தது, பதினான்கு வால்வுகளைப் புதுசாகவே மாற்றினோம். ஒரு எச்சரிக்கை: பில்டர் கிண்ணம் பாலிகார்பனேட் என்றால் அதை மண்ணெண்ணெயிலோ தின்னரிலோ கழுவாதீர்கள். சோப்புத் தண்ணீர் மட்டும். தின்னர் பட்டால் கண்ணுக்குத் தெரியாத கீறல் விழும், பிறகு ஒரு நாள் அழுத்தத்தில் வெடிக்கும். உலோகக் கூடு போட்ட கிண்ணம் வாங்குவது உத்தமம்.

காற்றுத் தரத்துக்கு ஐ.எஸ்.ஓ. 8573 என்று ஒரு தரநிலை இருக்கிறது. தண்ணீருக்கு அதில் நாலாம் வகுப்பு என்றால் அழுத்தத்திலேயே பனிநிலை 3 டிகிரி. நம்ம ஊரில் ஷெட்டுக்குள் இருக்கும் சாதாரண மெஷினுக்கு அது தாராளம். மைனஸ் 40 டிகிரி தரும் உறிஞ்சி வகை டிரையரை விற்க வருவார்கள். குளிர்பதனக் கிடங்குக்குள் சிலிண்டர் இருந்தாலோ, காற்று நேரே பொருளின் மேல் படுகிற இடமானாலோ வாங்குங்கள். மற்றபடி அது தன்னை உலர்த்திக்கொள்ளவே நீங்கள் காசு கொடுத்து அழுத்திய காற்றில் ஒரு பங்கைத் தின்னும். கருவி இல்லாதவர்களுக்கு ஒரு ஏழை முறை: கடைசி மெஷினில் டியூபைக் கழற்றி, கேஜில் அழுத்தத்தை நன்றாகக் குறைத்துக்கொண்டு, கண்ணாடி போட்டுக்கொண்டு, ஒரு வெள்ளைத் தாளில் அரை நிமிஷம் ஊத விடுங்கள். தாளில் என்ன படிகிறதோ அதுதான் உங்கள் வால்வுக்குள் இருக்கிறது. திங்கட்கிழமை காலையில் செய்து பாருங்கள், அன்றைக்குத்தான் உண்மை தெரியும். அதே திங்கட்கிழமை, பொடி ஏற்றுவதற்கு முன்னால், கார்டை மூடி வைத்து மெஷினை வெறுமனே ஐம்பது தடவை ஓட விடுங்கள்.

செயலாளர் அண்ணன் மணியைக் காட்டுகிறார், இன்னும் ஒரே நிமிஷம். 2018-ல் நான் கிளம்பும்போது அந்த பிட்டர் அண்ணன் தினத்தாள் ஒன்றில் சுற்றி ஒரு பொருளைக் கொடுத்தார். நாலாம் நம்பர் மெஷினின் அந்த வால்வு. தூக்கிப் போடாமல் வைத்திருந்திருக்கிறார். இதோ, பையில் கொண்டு வந்திருக்கிறேன். முன்வரிசையில் கொடுக்கிறேன், ஒருவர் பார்த்து அடுத்தவருக்கு அனுப்புங்கள். பக்கவாட்டில் இருக்கும் சின்னத் துவாரத்தைப் பாருங்கள், அதுதான் அடைத்த துவாரம். ஸ்பூலை விரலால் தள்ளிப் பாருங்கள், நகராது. தொட்டால் இன்னும் பிசுபிசுக்கும், சாப்பாட்டுக்கு முன்னால் கையைக் கழுவிவிடுங்கள். சுற்றி முடிந்ததும் மறக்காமல் என்னிடம் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.